சிரிக்கக்கூடாத படம்

“வாயை மூடுங்கோ, ராசன்! பல்லுத் தெரிஞ்சா இந்தப் படத்தை அடையாள அட்டைக்கு எடுக்க மாட்டாங்கள்” என்றார் கணேசலிங்கம்.

ஹாலந்து எல்லைக்குப் பக்கத்தில், ஜெர்மனியின் கிளேவே நகரத்தில் அவருடைய ஸ்டூடியோ. கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று ஊர் ஊராக ஓடிப் படம் எடுக்கிறவர். மற்ற நாட்களில் இந்த அட்டைப் படங்கள்தான். ஸ்டூலில் ராசன் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கைத்தொலைபேசி.

“அந்த ஃபோனை அங்கால வையுங்கோவன்.”

“ஏலாது அண்ணை. மகள் எடுப்பாள். இண்டைக்கு முடிவு வருது.”

“லவினியாவோ? சோதினை முடிவோ?”

“சோதினை என்ன சோதினை! அவளின்ர முதல் வழக்கு.”

லவினியா எல்லைக்கு அந்தப் பக்கம், நைமேகனில் சட்டம் படிக்கிறாள். வாடகைக்கு இருப்பவர்களுக்குக் காசு வாங்காமல் உதவுகிற மாணவர் குழு ஒன்றிலும் இருக்கிறாள். அங்கேதான் யோசப்பின் என்ற ஓய்வுபெற்ற தாதி வந்து அழுதிருக்கிறாள். வீட்டுக்காரன் ஏற்றிய வாடகையை அவளால் கட்ட முடியவில்லை. பதினொரு வருடம் இருந்த வீட்டை விட்டுவிட்டு எங்கே போவாள்?

“ஹாலந்தில நினைச்ச வாடகை கேக்கேலாது அண்ணை” என்று ராசன் விளக்கத் தொடங்கினார். “வீட்டுக்குப் புள்ளி போடுவினம். அறைக்கு இவ்வளவு, குசினிக்கு இவ்வளவு. நகரசபை அந்த வீட்டுக்கு என்ன விலை மதிக்குதோ, அதுக்கும் புள்ளி. மதிப்புக் கூடினா புள்ளி கூடும். புள்ளி கூடினா வாடகையையும் ஏத்தலாம்.”

“அப்ப அந்த மனுசியின்ர வீட்டுக்கு மதிப்புக் கூடவாக்கும்?”

“அங்கதான் விசயம் கிடக்கு! வீட்டில என்னென்ன இருக்கெண்டு கேட்டு நகரசபை வீட்டுக்காரனுக்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கு. ஆள் என்ன செய்தான் தெரியுமோ? முகட்டுக்குக் கீழ பெட்டி அடுக்கிற இடத்தை, ‘மேல்மாடி, ரெண்டு படுக்கையறை’ எண்டு எழுதிப்போட்டான்!”

கணேசலிங்கம் கமராவை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“வரி கூடுமெண்டு உலகம் முழுக்கக் குறைச்செல்லோ எழுதும்! இவன் எங்கட ஆக்கள் மாதிரிப் புழுகியிருக்கிறான். வெள்ளைக்காரனுக்கும் இந்தக் குணம் இருக்கு, பாருங்கோவன்.”

ராசன் தொண்டையைச் செருமினார். “சொந்த வீடெண்டா ஆருக்கும் ஒரு பெருமைதானே அண்ணை. அவனும் கடன்பட்டு வாங்கியிருப்பான்.”

“நீங்கள் என்ன, அவனுக்கு வக்காலத்து வாங்கிறியள்? வயசுபோன மனுசியை றோட்டில விடப் பாத்தவன்!”

“அதுவும் சரிதான்” என்று ராசன் தலையைக் குனிந்துகொண்டார்.

“குனியாதேங்கோ! நாடியைத் தூக்குங்கோ. பிறகு பிள்ளை என்ன செய்தவள்?”

ராசனின் நாடி தானாகவே உயர்ந்தது.

“அளவு நாடாவோட முகட்டுக்குள்ள ஏறினாள். அதுக்குள்ள அவளுக்கே நிமிந்து நிக்கேலாது. அளந்து, படம் எடுத்து, நகரசபைக்கு ஆட்சேபம் எழுதினாள். மதிப்பைக் குறைச்சுப்போட்டாங்கள். அந்தப் புது மதிப்பை வைச்சு, வாடகைப் பிணக்குத் தீர்க்கிற கொமிசனுக்குப் போனாள். அவள் எழுதின கடிதத்தை நான் நாலுதரம் வாசிச்சனான் அண்ணை, டச்சு அகராதியும் கையுமா. ஒரு பிழை எண்டாலும் பிடிப்பம் எண்டு பாத்தன். ம்ஹூம், ஒரு வரியைக்கூட அசைக்கேலாது!”

மடியில் கைத்தொலைபேசி துள்ளியது. ராசன் பதறிப்போய் எடுத்தார்.

“சொல்லு பிள்ளை!”

“அப்பா, கடிதம் வந்திட்டுது. வெண்டிட்டம்!” என்ற குரல் கணேசலிங்கத்துக்கும் கேட்டது. “யோசப்பின் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுகிறா.”

“எவ்வளவு குறைச்சிருக்கிறாங்கள்?”

“மாசம் முந்நூற்றிப்பத்து யூரோ.”

“முந்நூற்றிப்பத்தோ!” ராசன் தலையில் கையை வைத்தார். பிறகு கண் கலங்கிவிட்டது. “கெட்டிக்காரி! என்ர குஞ்செல்லோ நீ! அந்த அம்மாவிட்டச் சொல்லு, அவ ஒரு இடமும் போகத் தேவையில்லை எண்டு.”

அதற்குப் பிறகு படம் எடுப்பது பெரும்பாடாகப் போய்விட்டது. கணேசலிங்கம் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ராசனின் வாய் காதுவரை போய்விட்டுத் திரும்பி வர மறுத்தது. ஐந்து படம் வீண். ஆறாவதற்கு உதட்டை உள்ளே கடித்துக்கொண்டு ஒருமாதிரிச் சமாளித்தார்.

“அப்பாடா, இது சரி” என்றார் கணேசலிங்கம். “ஆனா ராசன், எனக்கொரு ஆசை. அந்த வீட்டுக்காரன்ர மூஞ்சியை இந்த நேரம் ஒரு படம் எடுக்க வேணும்! ஒரு பொடிச்சியிட்டத் தோத்துப்போட்டு எப்பிடி முழுசிக்கொண்டு இருக்கிறானோ!”

ராசன் எழுந்து வந்து கமராத் திரையை எட்டிப் பார்த்தார். சிரிப்பு மறுபடியும் காதுவரை போனது.

“அதான் ஆறு படம் எடுத்திட்டியளே அண்ணை! ‘அப்பா, நீங்கள் வாங்கிற வாடகை அநியாயம்’ எண்டாள், ‘ஏலுமெண்டா வெண்டு காட்டு’ எண்டன், வெண்டிட்டாள்!”