தகரக் கூரைக்குப் பஞ்சு

ஏசி செத்துப் பதினைந்து நாளாகிவிட்டது. துபாய்க்குப் பக்கத்தில், ராஸ் அல் கைமா தொழிலாளர் கேம்ப்பில் அந்தத் தகர ரூம் அடுப்பாகக் கொதித்தது. கீழ்க்கட்டிலில் மணிமாறன் காய்ச்சலில் முனகினான்.

"இப்படியே விட்டா இவன் தாங்க மாட்டான்டா" என்று பதறினான் வீரபாண்டி.

பங்களாக்களின் கூரைக்கடியில் வெயில் இறங்காமல் கண்ணாடிப் பஞ்சு அடைப்பதுதான் அவர்கள் வேலை. சைட்டில் குப்பைக்குப் போகவிருந்த துண்டுகளைப் பொறுக்கி வந்து, உடம்பெல்லாம் அரிக்க அரிக்கத் தங்கள் கூரையிலும் அடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் பாஸ்கர் வருவதாகத் தகவல் வந்தது.

"ஏசியைக் கேட்டே ஆகணும். புழுங்குச்சுன்னா சார் வாசலோடயே திரும்பிடுவாரு" என்றான் வீரபாண்டி.

தரையெல்லாம் தண்ணீர் தெளித்தான். ஜன்னலில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டான்.

வெயிலிலிருந்து உள்ளே வந்த பாஸ்கர், எடுத்த கைக்குட்டையைத் திரும்பப் பையில் வைத்தார்.

"அட, ஜில்லுன்னு இருக்கே! எப்படிப்பா?"

"பஞ்சு அடைச்சிருக்கோம் சார். ஆனா ஏசி இல்லாம..."

"கெட்டிக்காரங்கய்யா நீங்க!"

வீரபாண்டியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வாசலில் வண்டியிலிருந்து புது ஏசியை இறக்கிக்கொண்டிருந்த டிரைவரிடம் சொன்னார்.

"திரும்ப ஏத்துப்பா. ஆபீசுல மாட்டிக்கலாம். இவங்களுக்குத் தேவைப்படாது."