ஆண்கள் ஜெபக்கூட்டம்

ஆராதனை முடிந்ததும் ஆண்கள் ஜெபக்கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன கணவன் டென்னிஸின் பைக், சாத்தூர் பைபாஸில் தோட்டத்தோடு இருக்கும் பார் வாசலில் நின்றிருந்தது. ஜெபராணி ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு நேரே உள்ளே போனாள். வேப்பமரத்தடி மேசைகளில் பீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள், ஆஸ்பத்திரியில் தங்களுக்கு ஊசி போடும் நர்சம்மாவைப் பார்த்ததும் கிளாஸை மறைத்தார்கள்.

"டென்னிஸ் இங்கன வந்திருக்காரா?" என்று சர்வரிடம் கேட்டாள்.

"அண்ணன் வராத ஞாயித்துக்கிழமை ஏதுக்கா? அவுக வந்தாத்தானே இங்கன களைகட்டும்!"

ஜெபராணி முந்தானையை இழுத்துச் செருகினாள். "எம்புட்டு நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"பொங்கல்ல இருந்து. உள்ளதான் இருக்காக. ஆனா இப்பக் கிட்டப் போகாதீக, அண்ணன் செம சூட்டுல இருக்காக."

"என் சூட்டை அவரு இன்னும் பாக்கலை" என்றபடி, அவன் காட்டிய கதவைத் தள்ளினாள்.

உள்ளே, இடுப்பில் துண்டு கட்டி, வியர்வை வழிய, பெரிய இரும்புச்சட்டியில் மட்டன் ரோஸ்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான் டென்னிஸ்.

"மாஸ்டர், இன்னும் நாலு பிளேட்!" என்று தோட்டத்திலிருந்து குரல் வந்தது.

ஜெபராணி சட்டியிலிருந்து ஒரு கறியை எடுத்து வாயில் போட்டாள். அவள் கண்கள் விரிந்தன.

"கல்யாணமான நாள்ல இருந்து, அடுப்புப் பத்தவைக்கக்கூடத் தெரியாதுன்னுல்ல சொன்னீக?"

டென்னிஸ் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஐயோ ஜெபா, சத்தியமா நான் குடிக்கத்தான் வந்தேன்!"