துரைக்குப் பத்தியம்

"துரை சாப்பிட்டாச்சா? இல்ல, விசிறிவிட ஆள் அனுப்பணுமா?" சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே கேட்டார் வீட்டுக்காரர்.

துரை என்றது நாயை. அதன் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. உப்பில்லாத பத்தியச் சாப்பாடு கொடுங்கள், இருக்கும்வரை இருக்கட்டும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதற்கு மருந்து கொடுக்கவும் சலைன் ஏற்றவுமே மனைவிக்கு நேரம் சரியாக இருந்தது.

"தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கலைங்க," என்றாள் மனைவி.

"அதுக்கு ராஜவைத்தியம், எனக்கு உப்புச்சப்பில்லாத சோறு! எனக்குக் காய்ச்சல் வந்தப்போ மாத்திரை எங்க இருக்குன்னு நானேதான் தேடினேன். நாயாப் பொறந்திருக்கலாம்."

"கத்தாம சாப்பிடுங்க."

முகத்தைச் சுளித்தாலும் தட்டு என்னவோ மளமளவென்று காலியானது.

"ஒருநாள் உப்புப் போட மறக்கலாம். மாசம் பூராவுமா மறக்கும்?"

"மறக்கலைங்க." அவள் குரல் இறங்கியது. "டாக்டர் சொன்ன சாப்பாட்டை நான் வச்சா தொடமாட்டேங்குது. மேசைக்கு அடியில நீங்க திருட்டுத்தனமா நீட்டுறதைத்தான் தின்னுது. அதான் அதோட சாப்பாட்டையே உங்க தட்டுல போடுறேன்."

மேசைக்கு அடியில், அவர் இடது கையைத் துரை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது.

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வாயில வைக்க முடியலை. இன்னும் ரெண்டு கரண்டி போடு."