நாத்தனார் சாட்சி

கையை மேசைமேல் வைக்கச் சொன்னார் விசாரணை அதிகாரி.

வைத்தாள். உள்ளங்கை நெடுக வெடிப்பு. விரலிடுக்குகளில் நீர் கசிந்தது. அவர் பேனாவின் பின்பக்கத்தால் ஒரு விரலைத் திருப்பிப் பார்த்தார். தொடவில்லை.

நாலு வருஷமாக முலாம் பூசும் பட்டறையில் குழாய்களை அமிலத்தில் முக்கிக் கழுவுகிறாள். கொடுக்கிற கையுறை ஒரே வாரத்தில் விரல் நுனியில் கிழிந்துவிடும். அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான்.

இப்போது சாப்பாட்டில் கை வைத்தால் உப்பு பட்டு உயிர் போகிறது. மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தால் முடி வெடிப்பில் சிக்கிக்கொள்கிறது.

வேலையால் வந்த நோய் என்று இவர் எழுதினால் வைத்தியமும் இழப்பீடும் உண்டு. இல்லையென்றால் நாளையிலிருந்து வேலையே கிடையாது.

பட்டறையில் யாருக்கும் இப்படி வந்ததில்லை என்றார் மேனேஜர். சாட்சி கூட்டி வந்திருப்பதாகவும் சொன்னார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சாட்சி உள்ளே வந்தாள்.

நாத்தனார். புருஷனின் அக்கா. அவளைப் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்தவளே இவள்தான். பதினெட்டு வருஷமாக அங்கே அதே குழாய் கழுவும் வேலையில் குப்பை கொட்டுகிறவள்.

நாத்தனார் அவள் பக்கம் திரும்பவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இவளுக்கு இது இருக்கு சார். எங்ககிட்ட மறைச்சுத்தான் கட்டி வச்சாங்க."

நரம்பில்லாத நாக்கு. அந்தக் கொண்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் வந்தது அவளுக்கு. இந்தக் கையை வைத்துக்கொண்டு அதற்கும் வழியில்லை.

அதிகாரி வாக்குமூலத்தை எழுதி முடித்தார். நாத்தனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மை அட்டையை அவள் பக்கம் தள்ளினார்.

நாத்தனார் பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்தினாள்.

அதிகாரி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி வைக்கச் சொன்னார். பிறகு மற்றக் கை. பிறகு ஒவ்வொரு விரலாக.

சொன்ன சாட்சிக்குக் கீழே வரிசையாகக் கறுப்புத் திட்டுகள். ஒன்றிலும் ரேகை இல்லை.

அதிகாரி மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

நாத்தனாரின் குரல் தாழ்ந்துவிட்டது.

"எழுதிடாதீங்க சார். இன்னும் ரெண்டு வருஷந்தான். ஓட்டிட்டா பென்ஷன் வந்துரும்."

சொல்லிவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்பதுபோல.

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் அவசரப்படவில்லை. நாத்தனாரின் மணிக்கட்டைப் புறங்கையால் தள்ளி, தன் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் மல்லாத்தி வைத்தாள்.

"இதையும் சேத்து எழுதுங்க சார்."