பாதி இலை

"கை மரத்துப்போறதுடி" என்று ஹரிஹரன் சொன்னபோது, வாயுவாக்கும் என்று சுக்குக் கஷாயம் கொடுத்தவள் மனைவி பாகீரதி. பக்கவாதம் வந்தபின் அவர் அவளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. குற்றவுணர்வில் அவளும் பேச்சுக் கொடுக்கவில்லை. மனைவிக்கு இடப்பக்கம்தான் என்ற வழக்கத்தில் அங்கேயே இருந்து பரிமாறினாள். இலையில் பாதி அப்படியே மிஞ்சும்.

"எம்மேல கோபம்" என்று, கரமனையிலிருந்த அவர்கள் வீட்டுக்கு, அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வந்த சுப்ரியாவிடம் முணுமுணுத்தாள்.

சுப்ரியா அவர் முன் பாதி மிஞ்சியிருந்த இலையை இடம் வலமாகத் திருப்பி வைத்தாள்.

"ஐயோ, நுனி வலப்பக்கம் வரப்படாதுடி!" என்றாள் பாகீரதி.

ஹரிஹரன் மிச்சத்தையும் தானே எடுத்துச் சாப்பிட்டார்.

"கோபமில்லை மாமி. வாதம் வந்ததுலேருந்து, இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியலை. இந்தப் பக்கம் வாங்கோ."

பாகீரதி வலப்பக்கம் வந்து நின்றாள்.

ஹரிஹரனுக்குக் கண் நிறைந்தது.

"என்னை விட்டுட்டு எங்கேடி போயிருந்தே, இத்தனை நாளா?"