கர்னலின் தைராய்டு

கூண்டை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு இந்தப் பூனைக்கு யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது என்றாள் நர்ஸ்.

மடியில் வைத்துக் கொஞ்சக் கூடாது. கட்டிலில் ஏற்றக் கூடாது. எப்போதும் ஒரு கை தூரத்துக்கு அப்பாலேயே இருக்க வேண்டும். தப்பித் தவறித் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நைஜல் விஷயத்தில் இதையெல்லாம் நான் ஒன்றரை வருடமாகக் கடைப்பிடித்து வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

நர்ஸ் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. நைஜல் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சுவரிலிருந்த நாய்ப் படத்தை ஆராய்ந்தார்.

நைஜல் என் அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். வீட்டில் எதிர்க்கட்சி அடங்கட்டும் என்று அம்மா கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

எதிர்க்கட்சியில் இரண்டே உறுப்பினர்கள். ஒருவன் நான். மற்றவர் கூண்டுக்குள் இருந்த கர்னல். சாம்பல் நிறம், கிழம், விவாகரத்தின்போது அப்பா விட்டுப்போன ஒரே உருப்படியான பொருள்.

நான் அறிக்கை விடுவதோடு சரி. கர்னல் செயல்வீரர். நைஜலின் கணுக்காலைக் கடித்தார். நைஜலின் ஷூவுக்குள் மூத்திரம் பெய்தார். நைஜல் டீயும் பிஸ்கட்டுமாக உட்காரும்போதெல்லாம் சோபாவுக்குப் பின்னால் நின்று ஊளையிட்டார்.

பிறகு மெலிய ஆரம்பித்தார். எவ்வளவு தின்றாலும் விலா எலும்பு தெரிந்தது.

கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி தறிகெட்டு வேலை செய்கிறது என்றார் மிருக டாக்டர். கதிர்வீச்சு அயோடினை ஒரே ஓர் ஊசியாகப் போட்டால் அது நேரே அங்கே போய், கெட்டுப்போன பகுதியை மட்டும் எரித்துவிடுமாம். ஓயாத பசி, ஊளை, அலைச்சல் எல்லாம் குறையும். முன்கோபம்கூடக் குறையலாம்.

அம்மாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது.

"கேட்டியா நைஜல்? அதுக்கு உன்மேல கோவம் ஒண்ணுமே இல்ல. எல்லாம் அந்தச் சுரப்பி பண்ற வேல."

நைஜல் அன்றிலிருந்து கேஸில் விடுதலையானவரைப் போல நடமாடினார். ஊசிக்கு நாள் குறித்ததும் அவர்தான். ஊசி போட்டபின் கதிர்வீச்சு அடங்கும்வரை கர்னலை மருத்துவமனையிலேயே தனி அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் நைஜல் வீட்டில் விசிலடித்தார்.

எனக்குக் கவலையில்லை. கர்னலுக்கு இருந்தது வியாதியல்ல, கொள்கை.

நர்ஸ் கூண்டைத் திறந்தாள். நைஜல் ஒரு விரலை உள்ளே நீட்டினார்.

"விரல இப்பவே எண்ணி வெச்சுக்கங்க நைஜல். வெளிய எடுக்கறப்ப கணக்கு ஒதைக்கும்" என்றேன்.

கர்னல் விரலை முகர்ந்தார். நெடுநேரம் முகர்ந்தார். பிறகு நெற்றியால் அதை மெதுவாக முட்டி, கண்ணை மூடிக்கொண்டு, குர்ர்ர் என்றார்.

என்னிடம்கூட அவர் அப்படிக் குழைந்ததில்லை.

போதும், அதிகம் தொடாதீர்கள் என்று நர்ஸ் சொல்ல வேண்டியிருந்தது. நைஜல் மூக்கை உறிஞ்சினார். அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எதிர்க்கட்சியில் இப்போது நான் மட்டும்.

திரும்பும் வழியெல்லாம் மழை. பின்சீட்டில் என் பக்கத்துக் கூண்டில் கட்சி மாறியவர் நிம்மதியாகத் தூங்கினார். ப்ரெஸ்டன் ரவுண்டானா வந்தது. அங்கே அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பி என் கழுத்தைப் பார்த்தாள்.

"நீயும்தான் லூயிஸ், எளச்சுப் போயிருக்க. எவ்ளோ தின்னாலும் ஒட்டல. ராத்திரியெல்லாம் தூங்காம நடந்துட்டே இருக்க."

கிண்டல் என்று நினைத்து அவள் முகத்தில் சிரிப்பைத் தேடினேன். இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

அதனால்தான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். நைஜல்தான் காரில் கொண்டுபோய் விட்டார். ரேடியோ மட்டும் பேசியது.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் போன் செய்தபோது மூவரும் சமையலறையில் இருந்தோம். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள். நைஜல் டீக்குத் தண்ணீர் கொதித்த கெட்டிலை அணைத்துவிட்டு நின்றார்.

தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்து எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருக்கின்றன, உங்கள் மகனுக்கு ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர்.

அம்மா என்னைப் பார்த்தாள். நைஜலைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ பாத்துர முடியுமா டாக்டர்?" என்றாள்.