வெங்காயம் நறுக்கும் கை

“அது ஆவி இல்லடி. சட்டிக்குப் பின்னால ஈரப்பஞ்சைச் சூடு பண்ணி ஒளிச்சு வச்சிருக்கான்,” என்றார் வெல்டர். ஆயுள் முழுக்கப் புகையில் நின்றவர். அவரிடம் புகையைக் காட்டி ஏமாற்ற முடியாது.

“பேசாம பாருங்க,” என்றாள் மனைவி. சமையல் வீடியோ ஓடிய கைபேசி அவள் மடியில் இருந்தது.

“கறி பாதிகூட வேகல. மேல எண்ணெயைத் தடவி மினுக்கியிருக்கான். அந்தப் பொரியுற சத்தமும் தனியா சேர்த்தது.”

“நீங்க சமைச்சுக் கிழிச்சது எனக்குத் தெரியாதா? வாயை மூடுங்க, கை வரப்போகுது.”

கை வந்தது. முகம் தெரியவில்லை. மணிக்கட்டில் தீத்தழும்போடு வெங்காயம் நறுக்கியது.

“இன்னைக்குக் காலையில போட்ட வீடியோங்க. நல்லாத்தான் இருக்கா நம்ம பொண்ணு.”

சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். போன் எண்ணும் செத்துவிட்டது. தற்செயலாக ஒருநாள் தழும்பை வைத்துத்தான் தாய் அந்தக் கையைக் கண்டுபிடித்தாள். அதன்பிறகு வாரம் தவறாமல் அது வந்துகொண்டிருந்தது.

வெல்டர் குனிந்து பார்த்தார். பலகையிலிருந்து ஒரு துண்டு உருண்டது; சுண்டுவிரல் அதைத் தடுத்து இழுத்தது. போன வாரமும் இதே துண்டு இதே பக்கம்தான் உருண்டது. அதற்கு முந்தின வாரமும். பழைய படத்தையே வெட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தழும்பைத் தவிர வேறெதையும் பார்க்காதவள் கண்ணில் அது படவில்லை.

“என்ன, சத்தத்தையே காணோம்? இதுல ஒண்ணும் பித்தலாட்டம் இல்லையா?”

“இல்லடி,” என்றார். “இது இன்னைக்கு எடுத்ததுதான்.”